'பசித்த கற்கள்': பேய்க் கதையைக் கற்பித்தல் குறித்துச் சில எண்ணங்கள்

பேய்க் கதையொன்று பாடமாக அமையும் வகுப்பில் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதுதான்: "இது மெய்யாகவே நடந்ததா, இல்லை, வெறும் மனப்பிரமையா?" ஆசிரியர் அந்த இடத்திலேயே விடை சொல்லிவிட்டால் வாசிப்பு அத்துடன் முடிந்துபோகும். பிரமை என்று சொன்னால், இத்தகைய கதைகளை நம்பும் வீடுகளிலிருந்து வந்தவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். ஆவிதான் என்று சொன்னால், நம்பாதவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். எப்படியாயினும் வகுப்பில் பாதிப் பேரை இழக்க நேர்கிறது.

தாகூர் 1895-இல் எழுதிய 'பசித்த கற்கள்' இந்த இக்கட்டைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் கதை. பூஜைப் பயணம் முடிந்து கல்கத்தா திரும்பும் இருவர் ரயிலில் விசித்திரமான மனிதர் ஒருவரைச் சந்திக்கின்றனர். இருவரில் ஒருவர் பிரம்மஞான சபைக் கொள்கைகளில் ஊறியவர். கதையைச் சொல்லும் மற்றவர் ஐயவாதி. அடுத்த வண்டிக்காகச் சந்திப்பு நிலையத்தில் இரவில் காத்திருக்கும்போது அம்மனிதர் தம் அனுபவத்தைக் கூறுகிறார். நிஜாம் அரசில் பருத்தி வரி வசூலிப்பவராகப் பரீச் என்னும் ஊருக்குச் சென்று, பாழடைந்த அரண்மனையில் தங்கி, இரவுதோறும் மறைந்துபோன ஓர் உலகத்தால் ஈர்க்கப்பட்ட கதை அது. அதிலிருந்து மீளும் வழியைக் கேட்டபோது, முதலில் அங்கு வாழ்ந்த பாரசீக அடிமைப் பெண்ணின் வரலாற்றைக் கேட்க வேண்டும் என்கிறார் முதிய எழுத்தர் கரீம் கான். அந்தக் கட்டத்தில் ரயில் வந்துவிடுகிறது. முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து எட்டிப் பார்க்கும் ஆங்கிலேயர் ஒருவர் கதைசொல்லியை அடையாளம் கண்டு அழைத்துக்கொள்கிறார். கேட்டிருந்த இருவரும் இரண்டாம் வகுப்புப் பயணிகள். கதை அறுந்துபோகிறது.

மாணவர்கள் எழுப்பும் கேள்விக்கான இரு விடைகளும் அந்தக் காத்திருப்பு அறையிலேயே அமர்ந்திருக்கின்றன. ஆகவே ஆசிரியர் மூன்றாவதாக ஒரு தீர்ப்பு வழங்க வேண்டியதில்லை. யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று வகுப்பைக் குறித்துக்கொள்ளச் செய்வதே முதல் வேலை. கரீம் கான் வரி அதிகாரிக்குச் சொல்கிறார். அதிகாரி பயணிகளுக்குச் சொல்கிறார். பயணி நமக்குச் சொல்கிறார். இவ்வரிசையைப் பலகையில் எழுதியதும் "நடந்ததா?" என்ற கேள்வி "யாருக்குத் தெரியும், எப்படித் தெரியும்?" என்று உருமாறுகிறது.

இங்கே தமிழ் மாணவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு செய்தி எங்கிருந்து கிடைத்தது என்பதைக் காட்டும் இலக்கணக் கூறை மொழியியலார் எவிடென்ஷியாலிட்டி என்பர். தமிழில் 'ஆம்' என்னும் ஒட்டு அதைச் செய்கிறது. கதையைத் தமிழில் திருப்பிச் சொல்லும் பயிற்சியில் இந்த ஒட்டு எங்கெல்லாம் விழுகிறது என்று கவனிக்கலாம். அரண்மனையை இரண்டாம் மகமூது ஷா கட்டினாராம். அங்கே மூன்று இரவுகள் தங்கியவர்களில் மெஹர் அலி ஒருவனே வெளியே வந்தானாம், அதுவும் பித்தனாக. ஆனால் காலடி ஓசையைக் கேட்டதாக அதிகாரி சொல்லும்போது 'கேட்டேன்' என்கிறார். அங்கே 'ஆம்' இல்லை. ஐயவாதியான பயணியோ இவை அனைத்தையும் 'ஆம்' போட்டுச் சொல்லியிருக்க வேண்டியவர். அவர் அப்படிச் செய்யாமல் அதிகாரியின் 'நான்' என்ற குரலுக்கே இடம் விட்டு ஒதுங்கிக்கொள்கிறார். வாசகரின் அச்சம் அந்த ஒதுங்கலில்தான் பிறக்கிறது. முடிவில் அவர் திரும்பிவந்து இது முழுக்கக் கட்டுக்கதை என்று அறிவிக்கும்போது காலம் கடந்துவிட்டது.

இவ்வாறு நடந்த ஒரு வகுப்பில், அதுவரை பேசாதிருந்த மாணவி ஒருவர், தம் ஊரில் இப்படியொரு கதையைக் கேட்பவர்கள் "உண்மையா?" என்று கேட்பதில்லை, "யார் சொன்னது?" என்றுதான் கேட்பார்கள் என்றார். நம்பிக்கை என்று ஒதுக்கப்பட்ட ஒன்று கேட்கும் முறையாக வகுப்பில் நிலைபெற்றது.

அடுத்து, அதிகாரியின் பகலையும் இரவையும் இரு பத்திகளாக எழுதச் செய்யலாம். பகலில் ஆங்கிலேயப் பாணி உடை, கணக்கேடு, சம்பளம். இரவில் பழைய அரசவைக்குரிய ஆடை, நறுமணம், முகம் தெளிவாகத் தெரியாத பெண். விடியற்காலையில் மெஹர் அலி அரண்மனையைச் சுற்றி வந்து, விலகிப் போகும்படியும் எல்லாம் பொய்யென்றும் கூவுகிறான். எது பொய்? அரண்மனையா, அலுவலகமா? நாளடைவில் அதிகாரிக்குப் பகல் வேலையே பொருளற்றதாகிவிடுகிறது என்பதை இரண்டாம் வாசிப்பில்தான் பலர் காண்கின்றனர்.

கதையின் பின்புலத்தை இதற்குப் பிறகு சொல்வதே நல்லது. தாகூர் 1878-இல், ஏறத்தாழ 17 வயதில், அகமதாபாத்தில் நீதிபதியாக இருந்த அண்ணன் சத்யேந்திரநாத்துடன் ஷாஹிபாக் அரண்மனையில் தங்கியிருந்தார். இளவரசர் குர்ரமுக்காக, அதாவது பின்னாளைய ஷாஜகானுக்காக, சபர்மதிக் கரையில் எழுப்பப்பட்ட மாளிகை அது. இக்கதையின் விதை அங்கே விழுந்ததைத் தாகூரே தம் நினைவுக் குறிப்புகளில் பதிந்திருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மாணவர்கள் கற்களை வரைபடத்தில் தேடத் தொடங்கிவிடுவர்.

விடுபட்ட முடிவை எழுதிவரச் சொல்வது வழக்கமான வீட்டுப்பாடம். கதை அறுபட்ட இடத்திலேயே சற்று நேரம் நிற்கவைப்பது அதைவிடப் பயனுள்ளது. சொல்லப்படாமல் போனது அந்த அடிமைப் பெண்ணின் வரலாறு. உயிரோடிருந்தபோது அவளுக்கு வாய்ப்பில்லை. கதைக்குள் வாய்ப்பு வந்தபோது ஆங்கிலேயரின் அழைப்பு குறுக்கிட்டது. இதை ஒரு மாணவரேனும் தாமாகக் கண்டு சொல்லும்வரை ஆசிரியர் பொறுத்திருக்கலாம்.

ஆயினும் கதை அவளோடும் நிற்பதில்லை, பேயோடும் முடிவதில்லை. கேட்ட கதையைக் குறித்து இரு உறவினருக்கும் நடந்த வாதம் வாழ்நாள் பிரிவில் முடிந்தது என்ற செய்தியோடு முடிகிறது. ஒரே கதையை ஒரே இரவில் கேட்ட இருவர், அது உண்மையா பொய்யா என்பதைத் தவிர வேறெதையும் பேசத் தெரியாததால் உறவை முறித்துக்கொண்டனர். வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்து ஒரே பெஞ்சில் அமரும் மாணவர்களுக்கு வாசிப்பைக் கற்பிப்பவர் முதலில் கவலைப்பட வேண்டியது இந்த முறிவைக் குறித்துத்தான்.