பரம்பும் சக்கரப் பலகையும்

பலகையின் மீது நின்று பயணம் செய்வது தஞ்சை மண்ணுக்குப் புதிய செய்தி அன்று. நடவுக்கு முன் சேற்றைச் சமன்படுத்தப் பரம்படித்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. இரண்டு மாடுகள் இழுக்க, கனத்த மரப்பலகையின் மேல் நின்றபடி வயலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஆள் வழுக்கிச் செல்வார். அவருடைய எடையும் அந்தக் கருவியின் ஒரு பகுதிதான். முன்விளிம்பில் அழுத்தி நின்றால் பலகை மேட்டைக் கடித்து மண்ணைத் தள்ளும். பின்னுக்குச் சாய்ந்தால் முன்விளிம்பு எழும்பி, திரண்ட சேறு பள்ளத்தில் இறங்கும். எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்பதைக் கால்தான் தீர்மானித்தது. என் தந்தையார் தம் நாற்பது வயது வரை அப்படி நின்றவர்.

சென்ற கோடை விடுமுறைக்கு வந்த அண்ணன் மகள் ஒரு ஸ்கேட்போர்டைக் கொண்டுவந்தாள். அதைப் புரட்டிப் பார்த்த தந்தையார் கேட்டார்: "என்னம்மா இது, ரெண்டு முனையும் தூக்கிக்கிட்டு நிக்குது, நடுவுல குழிஞ்சு கெடக்கு? பலகைன்னா மட்டமா இருக்க வேணாமா?"

கேள்வி நியாயமானது. தொடக்கத்தில் அது மட்டமாகத்தான் இருந்தது. 1950களில் கலிபோர்னியாவின் அலைச்சறுக்கு இளைஞர்கள், கடலில் அலை இல்லாத நாட்களில் ஓட்டுவதற்காகச் சாதாரணப் பலகையின் அடியில் சக்கரங்களைப் பொருத்திக்கொண்டார்கள். 1969இல் லாரி ஸ்டீவன்சன் பலகையின் பின்முனையை மேல்நோக்கி வளைத்தார். அந்தச் சிறு வளைவு பலகையை நெம்புகோலாக்கிவிட்டது. பின்முனையை மிதித்தால் பின்சக்கரங்கள் தாங்குபுள்ளியாகி முன்பக்கம் எழும்புகிறது. நின்ற இடத்திலேயே திரும்பலாம். 1970களின் பிற்பகுதியில் ஆலன் கெல்ஃபாண்ட் என்ற ஃபுளோரிடா இளைஞர் கையால் பிடிக்காமலேயே பலகையோடு காற்றில் எழும்பும் ‘ஆலி’யைக் கண்டார். வளைந்த குழிச் சுவர்களில் அவர் செய்ததை 1980களின் தொடக்கத்தில் ராட்னி முல்லன் சமதளத்துக்குக் கொண்டுவந்தார். பின்முனை தரையில் அறைந்து பலகை துள்ளும் கணத்தில், முன்கால் மேல்நோக்கி உரசிச் சென்று அதைச் சமப்படுத்த வேண்டும். அந்தக் காலைத் தடுத்து நிறுத்த முன்முனையும் உயர்ந்திருப்பது நல்லது. 1990களின் தொடக்கத்தில் இரு முனைகளும் ஏறக்குறைய ஒன்றுபோல் உயர்ந்த வடிவம் பரவலானது இப்படித்தான்.

நடுவிலுள்ள குழிவுக்குக் காரணம் வேறு. பக்க விளிம்புகள் சற்றே உயர்ந்திருப்பதால், குனிந்து பார்க்காமலே விளிம்பு எங்கே இருக்கிறது என்பதைப் பாதம் அறிந்துகொள்கிறது. குழிவு ஆழமானால் பலகை காலின் சொல்லை உடனே கேட்கும்; ஆனால் நெடுநேரம் நின்றால் உள்ளங்கால் சலித்துவிடும். குழிவு குறைந்தால் நிற்பது சுகம், பிடிமானம் குறைவு. அகலத்துக்கும் இதுபோன்ற கணக்கு உண்டு. எட்டு அங்குலத்துக்கு மேற்பட்ட பலகை நிலையாக நிற்கும். எடை அச்சிலிருந்து விலகியிருப்பதால் காற்றில் புரட்டும்போது மெதுவாகச் சுழலும். முன் பின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம் குறைந்தால் சட்டென்று திரும்பும்; கூடினால் வேகத்தில் தடுமாறாது, ஆனால் திரும்ப அகன்ற இடம் கேட்கும்.

இதையெல்லாம் கேட்டபோது எனக்கு ஒன்று தோன்றியது. பரம்பு மண்ணுக்காகச் செய்யப்பட்டது. வயலில் மேடு இருந்தால் களை மண்டும், பள்ளம் இருந்தால் இளநாற்று மூழ்கும். ஆகவே அதன் அடிப்புறம் மட்டமாக இருந்தே தீர வேண்டும். மேலே நிற்பவரின் சௌகரியத்தை அது கேட்பதில்லை. மாட்டைத் திருப்பினால்தான் அது திரும்பும். ஸ்கேட்போர்டுக்கோ மண்ணோடு பேசச் சக்கரங்கள் இருக்கின்றன. ஆகவே அதன் பலகை முழுவதும் காலுக்காக வளைக்கப்பட்டது.

ஆனால் வீட்டில் எழுந்த சிக்கல் வடிவத்தைப் பற்றியது அல்ல, இடத்தைப் பற்றியது. எங்கள் ஊர்ச் சாலையில் பெயர்ந்து கிடக்கும் ஜல்லி, அந்தச் சிறிய கெட்டிச் சக்கரத்தில் சிக்கினால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். வழவழப்பான ஒரே தரை, நெல் காயவைக்கும் சிமெண்டுக் களம். களத்தில் செருப்புக் காலோடு ஏறுவதைத் தந்தையார் ஒருநாளும் பொறுத்ததில்லை. பலகையின் மேற்புறத்திலோ உப்புத்தாள் ஒட்டியிருக்கிறது. வெறுங்காலோடு பழகினால் தோல் உரிந்துவிடும். அண்ணியாருக்கு வேறு கவலை. "வயசுக்கு வந்த பொண்ணு, ஊரு பாக்க இப்படி ஆடணுமா?" என்றார். மாமல்லபுரத்துச் சிறுமி கமலியையும் அவள் தாயையும் பற்றி சாஷா ரெயின்போ இயக்கிய குறும்படம் 2019இல் வந்தது. மறு ஆண்டு பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதை அண்ணியாருக்குப் போட்டுக் காட்டினேன். இறுதிவரை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மகளுக்கு முழங்கால் காப்பு வாங்கி வரும்படி என்னிடம் பணம் கொடுத்தார்.

தந்தையார் இணங்க இரண்டு நாட்களாயின. பலகையைப் புல்தரையில் வைக்கச் சொல்லி, திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மட்டும் அதன்மேல் ஊன்றினார். பாதத்தை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார்.

"விளிம்பு இருக்குற எடம் காலுக்கே தெரியுதே" என்றார். பிறகு பேத்தியிடம், "நெல்லு கெடக்கற நாள்ல அந்தப் பக்கமே போகக் கூடாது. மத்த நாள்ல ஓட்டு. ஓட்டி முடிச்சதும் நீதான் களத்தைக் கூட்டிக் கழுவி விடணும்."

"சரி தாத்தா" என்றாள். விடுமுறை முடியும்வரை கழுவினாள்.

இன்று எங்கள் வயலில் டிராக்டர்தான் சேறு கலக்குகிறது. பரம்பின்மேல் நிற்க ஆள் வேண்டியதில்லை. அடுத்த விடுமுறைக்கு நீளமான பலகை ஒன்று வாங்கலாமா என்று பேத்தி தொலைபேசியில் தாத்தாவிடம் கேட்டிருக்கிறாள். களத்தின் அகலத்தைக் காலடியால் அளந்துவிட்டு வந்து, அதில் திரும்ப இடம் போதாது, குட்டையானதே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.