வேப்பூர் சந்தையிலிருந்து வெள்ளாற்று முகத்துவாரம் வரை: கடல் மீனுக்கும் வேண்டும் ஒரு தனிப் பட்டி

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே வேப்பூர் கூட்டுரோடு விழித்துக்கொள்கிறது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும், சின்னசேலத்திலிருந்து விருத்தாசலம் போகும் சாலையும் சந்திக்கும் ஊர் இது. வாரந்தோறும் கூடும் ஆட்டுச்சந்தைக்குச் சுற்றுவட்டாரத்து மானாவாரி விவசாயிகள் வெள்ளாடும் செம்மறியுமாக வந்து இறங்குகிறார்கள். மக்காச்சோளமும் பருத்தியும் கைவிட்ட வருடத்தில் வீட்டைத் தாங்குவது இந்த ஆடுகள்தான்.

அந்தச் சந்தையில் நான்கு ஆடுகளை விற்ற பணத்தில்தான், பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் கல்லூரி முடித்த இளைஞர் ஒருவர் கடல் மீன் தொட்டி வைத்தார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் ஆறு. ஜோடி சேர்த்து, குஞ்சு பொரிக்க வைத்து விற்கலாம் என்பது அவர் கணக்கு. இரண்டு மாதம் நன்றாகவே போனது. பிறகு சென்னையில் ஒரு கடையில் இன்னொரு மீன் வாங்கி வந்து, நேராகத் தொட்டியில் விட்டார்.

நான்காம் நாள் மீன்கள் கல்லில் உடம்பைத் தேய்த்தன. துடுப்பில் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். கடையில் கொடுத்த மருந்தை ஊற்றினார். இரண்டே நாளில் புள்ளிகள் மறைந்துவிட்டன. "சரியாப் போச்சுப்பா" என்று அப்பாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். பத்து நாள் கழித்துப் புள்ளிகள் திரும்பி வந்தன. இந்த முறை உடம்பெல்லாம். ஒரே வாரத்தில் ஏழு மீனும் போயின.

தொட்டியை விற்றுவிடலாம் என்றார் மகன். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "சந்தையில வாங்கின ஆட்டை அன்னிக்கே பட்டியில விடுவியாடா? தனியா கட்டி, பத்து இருபது நாள் பாத்துட்டுத்தானே சேப்போம். மீனுக்கு மட்டும் ஏன் அதைச் செய்யல?" என்று கேட்டார். கடல்நீர் எடுக்கப் பரங்கிப்பேட்டைக்குப் போகும் மினி லாரியில் இருவரும் ஏறினார்கள்.

புள்ளி மறைந்தால் நோய் தீர்ந்ததா?

அந்த வெள்ளைப் புள்ளிக்குக் காரணம் கிரிப்டோகேரியான் என்ற ஒருசெல் ஒட்டுண்ணி. 1951-ல் பிரௌன் என்ற ஆய்வாளர் இதற்குப் பெயர் சூட்டினார். வெப்பமண்டலக் கடல்களில் எங்கும் உண்டு. பரந்த கடலில் மீனுக்குப் பெரிய கெடுதல் இல்லை. தொட்டியிலும் கூண்டிலும் மீன்கள் நெருக்கமாக இருக்கும்போதுதான் கொல்கிறது.

இது மீனின் தோலுக்கும் செவுளுக்கும் உள்ளே புகுந்து 3 முதல் 7 நாள் தின்று வளர்கிறது. நாம் பார்க்கும் புள்ளி இதுதான். வயிறு நிறைந்ததும் மீனை விட்டு விழுந்து, அடிமணலிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு கூடு கட்டுகிறது. மீன் குணமானதுபோலத் தெரிவது அப்போதுதான். 3 முதல் 28 நாளுக்குள் அந்தக் கூடு வெடித்து, ஒன்றிலிருந்து 200 வரை குஞ்சு ஒட்டுண்ணிகள் நீந்தி வெளியே வரும். ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துவிடும். தொட்டிக்குள் மீன் கிடைக்காமல் போகுமா?

கோரையை மேலே அறுத்துவிட்டு நிலம் சுத்தமாகிவிட்டது என்று நினைப்பது போன்றதுதான் இது. கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. மீனின் தோலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியையும், கூட்டுக்குள் இருப்பதையும் மருந்து தொடுவதில்லை. நீந்தும் பருவத்தில் மட்டுமே கொல்லும். மகன் ஊற்றிய மருந்தால் புள்ளி போகவில்லை. அது தானாக விழும் நாள் வந்து விழுந்தது.

விருத்தாசலத்தில் ஒரு நிறுத்தம்

வேப்பூரிலிருந்து கிழக்கே வந்தால் மணிமுத்தாற்றின் கரையில் விருத்தாசலம். பழமலைநாதர் கோயிலுக்கு அடுத்து இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது பீங்கான். செராமிக் தொழிற்பேட்டையும், அந்தத் தொழிலைக் கற்றுத்தரும் அரசுப் பயிலகமும் இங்கே உண்டு. அகல் விளக்கு, பொம்மை, மின்சார பியூஸ் கட்டை என்று சூளையிலிருந்து வெளிவருகின்றன.

மீன் வளர்ப்பவருக்கும் சுட்ட மண்ணில் வேலை இருக்கிறது. பொரிப்பகங்களில் கோமாளி மீன் முட்டையிட ஓட்டுத்துண்டும் மண்பானையும் வைப்பார்கள். பத்து ஓடு வாங்கி லாரியில் வைத்தார் அப்பா. ஆனால் வைத்தியத் தொட்டி வேறு. அதில் மணலும் பவளக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் கூடாது. அடி வெறுமையாக இருக்க வேண்டும். மீன் ஒளிய இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டு போதும். காரணம், இந்த நோய்க்குப் பழைய மருந்து தாமிரம். சுண்ணாம்புக்கல் தாமிரத்தை உறிஞ்சிக்கொண்டு அளவைக் கெடுத்துவிடும்.

தாமிரம் என்றதும் விவசாயிக்கு மயில்துத்தம் நினைவுக்கு வரும். இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். ஒரு சத போர்டோ கலவையில் லிட்டருக்கு 10 கிராம் மயில்துத்தம் போடுகிறோம். அதில் தாமிரம் மட்டும் ஏறக்குறைய 2,500 மில்லிகிராம். மீன் தொட்டியில் இருக்க வேண்டியதோ லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். பத்தாயிரம் மடங்குக்கும் மேல் குறைவு! 100 லிட்டர் தொட்டிக்கு 80 மில்லிகிராம் மயில்துத்தம்கூட வேண்டியதில்லை. வீட்டுத் தராசில் இதை நிறுக்க முடியாது. வண்ணமீனுக்கென்று விற்கும் தாமிர மருந்தை, சீட்டில் உள்ளபடி ஊற்றி, சோதனைக் கிட்டில் தினமும் அளவு பார்த்து, 3 வாரமாவது நிலைநிறுத்த வேண்டும். இறால், சங்கு, அனிமோன் உள்ள தொட்டியில் தாமிரம் போட்டால் அவை செத்துவிடும்.

சேத்தியாத்தோப்பு: கிடையும் தரிசும்

சேத்தியாத்தோப்பை நெருங்கும்போது செம்மண் முடிந்து நெல்வயல் தொடங்குகிறது. அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போடும் வழக்கம் உள்ள பகுதி. இன்று ஒரு வயல், நாளை அடுத்த வயல் என்று கிடை நகர்ந்துகொண்டே இருக்கும்.

மருந்தே இல்லாத ஒரு வைத்தியம் இந்தக் கிடை மாற்றுவதைப் போன்றதுதான். ஒட்டுண்ணி 7 நாளுக்குள் மீனை விட்டு விழுகிறது. விழுந்த கூடு வெடிக்க 3 நாளாவது ஆகும். அதனால் 3 நாள் முடிவதற்குள் மீனை மட்டும் பிடித்து, சுத்தமான வேறு டப்புக்கு மாற்ற வேண்டும். பழைய டப்பின் நீரைக் கொட்டி, தேய்த்துக் கழுவி, நல்ல வெயிலில் முழுக்கக் காயவைக்க வேண்டும். அடுத்த மூன்றாம் நாள் மறுபடி மாற்றம். இப்படி நான்கு முறை மாற்றினால், விழுந்த கூடுகள் பின்னால் தங்கிப்போகும். மீன் முன்னால் போய்விடும். இரண்டு பிளாஸ்டிக் டப், இரண்டு ஏர் பம்ப், தனித்தனி வலை போதும். புதிய நீரின் உப்பும் சூடும் பழைய நீருக்குச் சமமாக இருக்க வேண்டும். ஈரக் கையும் ஈர வலையும் கூட்டைச் சுமந்து போகும், கவனம்.

மீன் வெளியே இருக்கும் காலத்தில் பெரிய தொட்டியைத் தரிசு போட வேண்டும். ஒரு மீன்கூட இருக்கக் கூடாது. குறைந்தது 6 வாரம் என்பார்கள். 72 நாள் வரை காத்திருந்து வெடித்த கூடுகளும் ஆய்வில் பதிவாகியிருப்பதால் 11 வாரம் விடுவதே உத்தமம்.

உப்பு கூடும், குறையும் ஆறு

புவனகிரியைத் தாண்டினால் பரங்கிப்பேட்டை. மணிமுத்தாற்றையும் சேர்த்துக்கொண்டு வரும் வெள்ளாறு இங்கே கடலில் கலக்கிறது. கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம். வெள்ளாற்றுக் கழிமுக நீரையே பயன்படுத்திக் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து, முறையை ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்ட இடம் இது. கடல் மீனை வளர்க்கக் கடலின் முழு உப்பு கட்டாயமில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி.

துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவரிடம், "எங்க மொண்டா நல்ல தண்ணி கிடைக்கும் அண்ணே?" என்று அப்பா கேட்டார்.

"மழைக்காலத்துல வந்திருந்தா வாயில வச்சுக் குடிச்சிருப்பீங்க. கோடைக்குத்தான் கரிக்கும். ஓதம் ஏறுற நேரம் மொள்ளுங்க தம்பி" என்றார் அவர்.

உப்பு ஏறி இறங்குவதே ஒரு மருந்து. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. இரண்டு நாளில் படிப்படியாக 15 கிராம் அளவுக்குக் குறைத்து, 3 முதல் 4 வாரம் வைத்தால் கோமாளி மீன் தாங்கும். வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி பெரும்பாலும் தாங்காது. இறாலும் அனிமோனும் தாங்காதென்பதால் இதையும் தனித் தொட்டியில்தான் செய்ய வேண்டும். தாங்கும் ஒட்டுண்ணி ரகங்களும் இருப்பதால், முடித்த பிறகும் சில வாரம் கவனிக்க வேண்டும்.

தோலில் ஒட்டும் தட்டைப்புழுவுக்கு நன்னீர்க் குளியல் நல்ல வைத்தியம். குளோரின் இல்லாத, அதே சூடுள்ள நன்னீரில் 3 முதல் 5 நிமிடம் மீனை வைத்தால், ஊறிய கடலைபோல் புழு உப்பி, வெளுத்து உதிரும். தோலுக்குள் இருக்கும் வெள்ளைப்புள்ளி இதில் போகாது. புள்ளிக்குப் பதிலாகப் பொன் தூசு படிந்ததுபோல் தெரிந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கினால் அது வெல்வெட் நோய். சில நாளில் கொன்றுவிடும். உப்பு குறைத்தால் கேட்காது. தாமதிக்காமல் தாமிர வைத்தியம் செய்ய வேண்டும்.

மொண்டு வரும் கடல்நீரிலேயே ஒட்டுண்ணி வரலாம். நுண் துணியில் வடிகட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டு, குளோரின் முழுக்கப் போகும் வரை காற்று செலுத்தி, சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

மாலையில் நிறைந்த கேன்களோடு லாரி வேப்பூர் திரும்பியது. பெரிய தொட்டி இப்போது மீனில்லாமல் தரிசு கிடக்கிறது. பக்கத்தில் இரண்டு டப்புகள் காய்கின்றன. 11 வாரம் முடிந்ததும் இரண்டே மீன் வாங்குவது, அதையும் முதலில் டப்பில் விடுவது என்று முடிவு. வாசல் வேம்படியில், போன வெள்ளிக்கிழமை வாங்கிய ஆடு ஒன்று பட்டியில் சேராமல் தனியே கட்டியிருக்கிறது.

வாசகர் கேள்விகள்

*கொடுவா வளர்க்கிறோம். இந்த நோய் எங்களுக்கும் வருமா?*

வரும். கடல்கூண்டிலும் உப்பு மிகுந்த குளத்திலும் வளரும் கொடுவாவை இதே ஒட்டுண்ணி தாக்கும். குஞ்சு வாங்கியதும் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு இருப்பு செய்யுங்கள்.

*கெண்டைக் குளத்துக்கும் இதே வைத்தியமா?*

நேர் எதிர். கடல் மீனுக்கு நன்னீர் மருந்து. நன்னீர் மீனுக்கு உப்பு மருந்து. குஞ்சு விடும் முன் லிட்டருக்கு 20 முதல் 30 கிராம் கல் உப்பு கரைத்த நீரில் சில நிமிடம் குளிக்கவிடுங்கள். மீன் சாய்ந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். மீன்பேன், நங்கூரப்புழு கண்ணில் பட்டால் நீங்களாகப் பூச்சிமருந்து ஊற்றாமல், மீன்வளத் துறை அலுவலகத்தையோ நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தையோ கேட்டுச் செய்யுங்கள்.