எஸ்கேப் ரோடு: போருக்குப் போட்ட சாலை ஊருக்கு ஏன் ஆகவில்லை?

மூணாறிலிருந்து கொடைக்கானலுக்கு மலைமுகடு வழியே ஒரு சாலை இருந்தது. நீளம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். இன்று அதே பயணத்துக்குப் போடிக்கு இறங்கி, தேனி, பெரியகுளம் எனச் சுற்றி, மீண்டும் மலையேற வேண்டும். பழைய சாலையை மக்கள் ‘எஸ்கேப் ரோடு’ என்றே அழைக்கின்றனர்.

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் விசாகப்பட்டினத்தையும் தாக்கின. சென்னையிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். பகைவர் தரையிறங்கினால் கொடைக்கானல், மூணாறு வழியாகக் கொச்சிக்குத் தப்பிச் செல்வதற்கென, முன்பே இருந்த மலைப்பாதை அப்போது மேம்படுத்தப்பட்டது. படையெடுப்பு நிகழவில்லை.

‘தப்பு’ என்னும் வினை ‘எதிலிருந்து’ என்று கேட்கும். ‘எங்கே’ என்று கேட்பது அரிது. அந்தச் சாலையும் அத்தகையதே. வந்தரவு அருகே ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தைத் தொடும் அதன் நடுப்பகுதியில் ஊரோ சந்தையோ இல்லை. தப்பிச் செல்வோருக்கு அவை தேவையுமில்லை. போர்க்காலத்தில் செலவுக் கணக்கை எவரும் கேட்பதில்லை. அமைதிக்காலத்தில், ஆண்டுதோறும் மழையில் சரியும் சாலையைச் செப்பனிட வேண்டுமெனில் அதில் போவோர் எத்தனை பேர் என்ற கேள்வி எழும். அசாமிலிருந்து பர்மா வழியாகச் சீனாவுக்குப் பெரும்பொருட்செலவில் அமைத்து 1945இல் திறக்கப்பட்ட லெடோ சாலையின் பெரும்பகுதியையும் போருக்குப்பின் காடே மூடியது.

எஸ்கேப் ரோட்டுக்கு வேறொரு சிக்கலும் இருந்தது. 1942இல் சென்னை மாகாணத்துக்கும் திருவிதாங்கூருக்கும் மேலே ஒரே பேரரசு இருந்தது. 1956க்குப்பின் இரு மாநிலங்களும் சம அதிகாரத்துடன் எதிரெதிரே நின்றன; அவற்றின் பிணக்கில் 1990இல் சாலை அடைக்கப்பட்டது. 2003இல் வழியிலுள்ள பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவானது. ஆளரவமின்மை எனும் அதே இயல்புதான் பின்னர் அவ்விடத்தைக் காக்கத்தக்க காடாக்கியது. இந்நிலையில் சாலையை மீண்டும் திறக்கக் கோருவது எளிய வழக்கன்று.

ஆயினும் சாலை முழுவதும் மாளவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மேற்கே மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரையிலும் அதற்கப்பாலும் உள்ள பகுதி, வட்டவடைக்குச் செல்வோரால் உயிர்த்திருக்கிறது. கிழக்கே பேரிஜம் ஏரி வரை வனத்துறையின் அனுமதிச்சீட்டுடன் சுற்றுலா வண்டிகள் செல்கின்றன. நடுப்பகுதியே வீழ்ந்தது.

வட்டவடை, கோவிலூர் மக்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் உழவர். கொடைக்கானல் பக்கம் செல்ல அவர்களிடம் போருக்கு முந்திய வழி ஒன்றுண்டு: கோவிலூரிலிருந்து கிளாவரைக்குப் போகும் ஒற்றையடிப்பாதை. கொடைக்கானலிலிருந்து வரும் பேருந்து கிளாவரையோடு திரும்பிவிடுகிறது. எஞ்சிய தொலைவை இன்றும் நடந்தே கடக்கின்றனர்.