அனாஹிம் லேக் முதல் மான்ட்ரியல் வரை... ஒரு கோல்கீப்பர் உருவான பாதையில் ஒரு பயணம்!

உங்கள் போனில் மேப்பைத் திறந்து, கனடாவின் மேற்குக் கரையில் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். வான்கூவர் நகரத்தைத் தாண்டி, வடக்கே மலைகளும் காடுகளும் ஏரிகளுமாக விரியும் இடத்தில், 20-ம் எண் நெடுஞ்சாலை ஒற்றைக் கோடாக மேற்கே ஓடும். அந்தக் கோட்டின் மேல் சின்னப் புள்ளியாக ஓர் ஊர் தெரியும். அதுதான் அனாஹிம் லேக். சில நூறு பேர் வசிக்கும் ஊர். உல்காட்சோ என்ற பூர்வகுடி மக்களின் மண்.

இந்த ஊரிலிருந்து கிளம்பிய ஒரு சிறுவன், ஐஸ் ஹாக்கியின் மிகப் பழைமையான, மிகப் புகழ்பெற்ற கிளப்பான மான்ட்ரியல் கனேடியன்ஸின் வரலாற்றில் அதிக வெற்றிகளைக் குவித்த கோல்கீப்பர் ஆனான். பெயர், கேரி பிரைஸ். அவர் கடந்து வந்த ஊர்களை வரிசையாகப் பார்த்தாலே, ஹாக்கி கிளப்கள் இளம் கோல்கீப்பர்களை எப்படி வளர்க்கின்றன, எங்கே அவசரப்படுகின்றன, எங்கே பொறுமை காக்கின்றன என்பது புரிந்துவிடும். வாங்க, ஒரு ரவுண்டு போய் வரலாம்.

பயிற்சிக்குப் போக ஒரு விமானம்

அனாஹிம் லேக்குக்கு அருகில் இருக்கும் ஓரளவு பெரிய ஊர் வில்லியம்ஸ் லேக். 'அருகில்' என்றால் 300 கிலோமீட்டருக்கும் மேல்! ஏறக்குறைய சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் தூரம். எதிர்த்திசையில், மேற்கே போனால் கடற்கரை ஊரான பெல்லா கூலா வரும். நடுவில் 1,524 மீட்டர் உயர மலைக் கணவாயைக் கடந்து, செங்குத்தான சரிவில் இறங்க வேண்டும். அரசாங்கம் சாலை போடத் தயங்கியபோது, உள்ளூர் மக்களே மலையின் இரு பக்கமிருந்தும் புல்டோசர் வைத்து வெட்டி, 1953-ல் இந்தப் பாதையை இணைத்தார்கள். அதனால் இதற்கு 'ஃப்ரீடம் ரோடு' என்றே பெயர். கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளுக்கே கண்ணை மூடிக்கொள்பவர்கள் இந்தச் சரிவைத் தவிர்ப்பது நல்லது.

இப்படிப்பட்ட ஊரில் கேரி வளர்ந்தார். அம்மா லிண்டா பிரைஸ், உல்காட்சோ மக்களின் தலைவராக இருந்தவர். அப்பா ஜெர்ரி பிரைஸ், தானும் ஒரு கோல்கீப்பர். 1978-ல் பிலடெல்பியா கிளப்பால் தேர்வு செய்யப்பட்டும், என்.ஹெச்.எல். என்ற உச்ச லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடும் வாய்ப்பு கிடைக்காதவர். குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஓடைதான் மகனுக்கு அவர் பாடம் நடத்திய மைதானம்.

மகன் முறையான அணியில் ஆட வேண்டும் என்றால் வில்லியம்ஸ் லேக் போயாக வேண்டும். சாலையில் போய்த் திரும்பினால் நாளே முடிந்துவிடும். அப்பா என்ன செய்தார் தெரியுமா? விமானம் ஓட்டத் தெரிந்தவர் என்பதால் சின்ன விமானம் ஒன்றை வாங்கினார். நான்கு பேர் மட்டும் உட்காரக்கூடியது. அதில் மகனை ஏற்றிக்கொண்டு பயிற்சிக்குப் பறந்தார்!

கோல்கீப்பருக்கு மட்டும் ஏன் தனிப் பாதை?

நமக்கு ஹாக்கி என்றால் புல்தரை ஹாக்கிதான். ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. 'பக்' என்ற தட்டையான, கெட்டியான ரப்பர் வில்லை. எடை 170 கிராம் வரை இருக்கும். அது மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில்கூட வரும். 6 அடி அகலம், 4 அடி உயர கோலுக்கு முன்னால் ஒருவர் நின்று அதைத் தடுக்க வேண்டும்.

ஓர் ஆட்டத்துக்கு 12 முன்கள வீரர்கள், 6 தடுப்பாட்டக்காரர்கள், 2 கோல்கீப்பர்கள் தயாராவார்கள். புதிதாக வந்த முன்கள வீரரை 8 நிமிடம் ஆடவிட்டுப் பார்க்கலாம். சுமாராக ஆடினால் அடுத்த நாள் 6 நிமிடம். கோல்கீப்பருக்கு இந்த வசதி கிடையாது. ஆடினால் முழு ஆட்டம், இல்லாவிட்டால் பெஞ்ச். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க முடியாது. கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் இடத்துக்காகக் காத்திருந்தவர்களைக் கேட்டால் தெரியும், ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர் என்றால் என்ன என்று. தோனிக்கு முன்பே இந்திய அணிக்கு வந்த நம்ம தினேஷ் கார்த்திக்கைவிட வேறு யார் சாட்சி வேண்டும்?

அதனால்தான் கிளப்கள் இளம் கோல்கீப்பரை உச்ச அணியின் பெஞ்சில் உட்கார வைப்பதைவிட, கீழ் லீக்கில் தினம் ஆட விடுவதையே விரும்புகின்றன. கோல் வாங்கி, தவறிலிருந்து கற்று, மறுநாள் மீண்டும் நிற்க அங்கேதான் இடம் உண்டு. கோல்கீப்பர்கள் பெரும்பாலும் மற்ற வீரர்களைவிடத் தாமதமாகத்தான் பக்குவமடைகிறார்கள்.

கென்னவிக்: யாரோ வீட்டுப் பிள்ளை

அடுத்த நிறுத்தம் எல்லை தாண்டி அமெரிக்காவில். வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா நதிக்கரையில் இருக்கும் கென்னவிக். மழை குறைவான, வறண்ட பூமி. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். இங்கே உள்ள ட்ரை-சிட்டி அமெரிக்கன்ஸ் என்ற ஜூனியர் அணியில் கேரி பதின்பருவத்தைக் கழித்தார்.

ஜூனியர் ஹாக்கியில் ஓர் அழகான வழக்கம் உண்டு. வெளியூரிலிருந்து வரும் பையன்களை உள்ளூர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டில் தங்க வைத்துக்கொள்ளும். சாப்பாடு, ஸ்கூல், 'சீக்கிரம் தூங்குடா' என்ற அதட்டல் எல்லாம் அந்த வீட்டில்தான். 16 வயதில் வீட்டை விட்டு வரும் பையன், இரவெல்லாம் பஸ்ஸில் பயணித்து, மறுநாள் ஆடி, தோற்றுத் திரும்பும்போது கதவைத் திறக்க ஒருவர் வேண்டும் அல்லவா?

2005-ல் மான்ட்ரியல் கிளப் கேரியை டிராஃப்ட்டில் 5-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அப்போது அவருக்கு வயது 17. கோல்கீப்பரை இவ்வளவு முன்னால் எடுப்பது அபூர்வம். எடுத்த கையோடு மான்ட்ரியலுக்கு அழைத்துக்கொள்ளவில்லை. மேலும் இரண்டு சீசன்கள் கென்னவிக்கிலேயே ஆடவிட்டார்கள்.

ஹாமில்டன்: 19 வயதில் ஒரு கோப்பை

டொரன்டோவில் சொந்தக்காரர்கள் இருக்கும் வாசகர்களுக்கு ஹாமில்டன் தெரிந்திருக்கும். ஒன்டாரியோ ஏரிக்கரையில், டொரன்டோவிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். எஃகு ஆலைகளுக்கும் அருவிகளுக்கும் பேர்போன ஊர். கனடாவின் தெருவுக்குத் தெரு இருக்கும் டிம் ஹார்ட்டன்ஸ் காபிக்கடையின் முதல் கிளை 1964-ல் திறக்கப்பட்டதும் இங்கேதான். அந்த டிம் ஹார்ட்டனும் ஒரு ஹாக்கி வீரர்!

மான்ட்ரியலின் அடுத்த நிலை அணி அப்போது ஹாமில்டனில் இருந்தது. 2007-ல் ஜூனியர் சீசன் முடிந்ததும் 19 வயது கேரி இங்கு வந்தார். வந்த வேகத்தில் அணிக்கு கால்டர் கோப்பையை வென்று கொடுத்து, பிளேஆஃப்பின் சிறந்த வீரர் விருதையும் வாங்கினார். அந்த விருதை அவ்வளவு சிறிய வயதில் அதுவரை யாரும் வாங்கியதில்லை.

இங்கேதான் எந்த கிளப்புக்கும் சபலம் வரும். 'பையன் ரெடி. மேலே கூப்பிடலாமா?'

மான்ட்ரியல்: நாற்காலி சூடானது

கூப்பிட்டுவிட்டார்கள். 2007 அக்டோபரில், 20 வயதில், என்.ஹெச்.எல். அறிமுகம்.

மான்ட்ரியல் சாதாரண ஊர் அல்ல. ஹாக்கி அங்கே மதம் மாதிரி. 24 முறை ஸ்டான்லி கோப்பையை வென்ற கிளப். 1959-ல் முகத்தில் அடிபட்ட பிறகு முகமூடி அணிந்தே ஆடுவேன் என்று அடம்பிடித்து, கோல்கீப்பர் முகமூடியை வழக்கமாக்கிய ஜாக் பிளான்ட் இந்த அணிக்காரர். ஆறே ஆறு லீக் ஆட்டங்கள் ஆடிய அனுபவத்தோடு 1971-ல் கோப்பையை வென்ற கென் டிரைடனும் இங்கேதான். 1986-ல் 20 வயதில் கோப்பை வென்ற பாட்ரிக் ருவாவும் இங்கேதான். அதே ருவாவை, 1995-ல் டெட்ராய்ட் 11-1 என்று வீழ்த்திய இரவில், சொந்த ஊர் ரசிகர்களே கேலியாகக் கைதட்டினார்கள். சில நாள்களில் அவர் வேறு அணிக்குப் போய்விட்டார்.

கேரிக்கும் அதே அனுபவம் காத்திருந்தது. 2008 ஜனவரியில் ஃபார்ம் தடுமாறியதும் ஹாமில்டனுக்குத் திருப்பி அனுப்பினார்கள். சில வாரங்களில் மீண்டும் அழைத்தார்கள். பிப்ரவரியில் அணியின் சீனியர் கோல்கீப்பர் கிறிஸ்டோபல் ஹூவேயை வேறு கிளப்புக்குக் கொடுத்துவிட்டு, 20 வயதுப் பையனிடம் மொத்தப் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள். 2009 பிளேஆஃப்பில் பாஸ்டன் அணி நான்குக்கு நான்கு வென்றது. எளிதான பக் ஒன்றைப் பிடித்ததற்கு 21 ஆயிரம் பேர் கூடிய அரங்கம் கேலியாக ஆர்ப்பரித்தது. ருவா செய்ததைப்போலவே கேரியும் இரு கைகளையும் உயர்த்திக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 21.

271-வது ஆள் வந்த கதை

மறுசீசனில் கதையே மாறியது. யரோஸ்லாவ் ஹலாக் என்ற ஸ்லோவாக்கிய இளைஞர் அதே அணியில் இருந்தார். 2003 டிராஃப்ட்டில் 271-வது ஆளாக எடுக்கப்பட்டவர். 2010 பிளேஆஃப்பில் லீக்கின் முதலிட அணியான வாஷிங்டனை எதிர்த்து, ஒரே ஆட்டத்தில் 53 ஷாட்களைத் தடுத்தார். வாஷிங்டன் அவுட். அடுத்து நடப்பு சாம்பியன் பிட்ஸ்பர்க்கும் அவுட். ஊரே ஹலாக் பெயரைச் சொன்னது. கேரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஜூன் மாதம் கிளப் ஒருவரை விற்க முடிவு செய்தது. விற்கப்பட்டவர் ஹலாக்! ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். ஆனால், நிர்வாகம் பார்த்தது ஒரு பிளேஆஃப்பை அல்ல, அடுத்த பத்து வருடங்களை.

முடிவு? அடுத்த சீசனில் கேரி 72 ஆட்டங்களில் ஆடி 38 வெற்றி. 2014-ல் கனடாவுக்காக ஒலிம்பிக் தங்கம். 2014-15 சீசனில் 44 வெற்றிகளுடன் லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் விருது. விருது மேடையில் பூர்வகுடி இளைஞர்களுக்கு நம்பிக்கை சொல்லவும் மறக்கவில்லை. 2019-ல் பிளான்டின் 314 வெற்றிகளைத் தாண்டி, 361-ல் முடித்தார்.

இதை வைத்து 'கிளப் செய்தது அத்தனையும் சரி' என்று சொல்லிவிட முடியாது. 2021-ல் ஸ்டான்லி கோப்பை இறுதிப்போட்டி வரை அணியைக் கொண்டுபோன அதே ஆண்டு, வீரர்களுக்கான உதவித் திட்டத்தில் தானாக முன்வந்து சேர்ந்தார் கேரி. போதைப் பழக்கத்திலிருந்து மீளவே அந்த முடிவு என்று பின்னர் அவரே வெளிப்படையாகச் சொன்னார். முழங்கால் காயத்தோடு, 2022 ஏப்ரலில் ஆடியதுதான் கடைசி ஆட்டம். வலைக்கு முன்னால் தனியாக நிற்கும் மனிதனுக்குக் கால்களைப்போலவே மனதுக்கும் பயிற்சியும் துணையும் தேவை. இன்று கிளப்கள் கோல்கீப்பர்களுக்கென்றே தனிப் பயிற்சியாளர்களை வைத்து, கீழ் லீக்கில் ஆடும் பையனோடும் தொடர்ந்து பேசவைப்பது அதனால்தான்.

மில்வாக்கி வழி

வேறு வழியும் உண்டு. அமெரிக்காவின் நாஷ்வில் கிளப், 2004-ல் பெக்கா ரின்னே என்ற ஃபின்லாந்து இளைஞரை 258-வது ஆளாக எடுத்தது. மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் மில்வாக்கியில், தன் துணை அணியில், மூன்று சீசன்கள் ஆடவிட்டது. முதன்மை கோல்கீப்பராக மாறியபோது அவருக்கு வயது 26. 2018-ல் லீக்கின் சிறந்த கோல்கீப்பர் விருது. அவருக்குப் பின்னால் யூசே சாரோஸ் என்ற இன்னொரு ஃபின்லாந்துக்காரரும் அதே மில்வாக்கி வழியாக வந்து, ரின்னேயின் நிழலில் பல சீசன்கள் காத்திருந்து, பிறகுதான் இடத்தைப் பிடித்தார்.

ஆனால், காத்திருப்புக்கும் கெடு உண்டு. குறிப்பிட்ட வயதும் அனுபவமும் தாண்டிய வீரரைக் கீழே அனுப்ப வேண்டுமென்றால், முதலில் மற்ற எல்லா கிளப்களுக்கும் 'வேண்டுமா?' என்று காட்ட வேண்டும். யாராவது கை தூக்கினால் வீரர் கையை விட்டுப் போய்விடுவார். 2021-ல் ஃப்ளோரிடா கிளப் அப்படி இழந்த சாமுவேல் மான்டம்போவைத்தான் மான்ட்ரியல் தூக்கிக்கொண்டு வந்தது.

ஆரஞ்சு லைனில் ஒரு டிக்கெட்

மான்ட்ரியல் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. பெரிய அணி ஆடும் பெல் சென்டருக்குப் பக்கத்தில் லூசியன் லாலியே மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே ஆரஞ்சு லைனில் ஏறி, கடைசி ஸ்டேஷனான மோன்ட்மொரென்சியில் இறங்குங்கள். சுமார் அரை மணி நேரம்தான். வெளியே வந்தால் எதிரே பிளாஸ் பெல் அரங்கம். 2017 முதல் மான்ட்ரியலின் துணை அணியான லாவால் ராக்கெட் ஆடுவது இங்கேதான். முன்பு 600 கிலோமீட்டர் தள்ளி ஹாமில்டனில் இருந்த பயிற்சிக்கூடம், இப்போது ஒரே மெட்ரோ லைனின் முனையில்! பையன் எப்படி ஆடுகிறான் என்று நிர்வாகம் நினைத்த நேரத்தில் நேரில் போய்ப் பார்க்கலாம்.

யாகுப் டோபெஷ் என்ற செக் நாட்டு கோல்கீப்பர் இந்த வழியாக வந்தவர். 2020-ல் 136-வது ஆளாக எடுக்கப்பட்டு, அமெரிக்கக் கல்லூரியில் ஆடி, லாவாலில் ஒன்றரை சீசன் பழகி, 2024 டிசம்பர் 28 அன்று முதல் என்.ஹெச்.எல். ஆட்டத்துக்கு வந்தார். எதிரே நடப்பு சாம்பியன் ஃப்ளோரிடா. 34 ஷாட்கள் வந்தன. ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

பெல் சென்டரில் பெரிய ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைப்பது கஷ்டம், விலையும் அதிகம். கவலைப்படாதீர்கள். லாவாலில் ஓர் ஆட்டம் பாருங்கள். கோலுக்குப் பின்னால் இருக்கும் இருக்கை கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு கோல் வாங்கியதும் அந்த இளைஞர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். தண்ணீர் குடிப்பார், ஸ்கேட்டால் பனியைச் சுரண்டுவார், மறுபடியும் குனிந்து நிற்பார். அவரைத் தேர்ந்தெடுத்தவர்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.