கிளிநொச்சியில் கற்றது கித்துல்கலையில் உதவியது

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்குப் போகும் வீதியில், கித்துல்கலையில், ஒரு தேநீர்க் கடையருகே என் முச்சக்கர வண்டியை நிறுத்திவிட்டு ஹயருக்காகக் காத்திருந்தேன். கீழே களனி ஆறு கலங்கி ஓடிக்கொண்டிருந்தது.

சற்றுத் தள்ளி ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. ஆற்றில் படகு விட வந்த கொழும்புப் பையன்களுடையது. ஒருவன் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தான். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. பெற்றோல் மணம் என் வண்டிவரை வந்தது. அந்த மணத்தை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும்.

1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் அப்பாவும் அம்மாவும் இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனார்கள். நான் அங்கேதான் பிறந்தேன். 1990இல் சண்டை மீண்டும் தொடங்கிய பின், பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைப்பது பெரும்பாடானது. மோட்டார் சைக்கிளும் தண்ணீர் இறைக்கும் மெஷினும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலகுவில் பற்றாது. அதனால் சின்னப் பிளாஸ்டிக் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைச் சில துளிகள் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம்.

ஓர் இரவு அம்மாவுக்கு இழுப்பு வந்தது. அப்பா பதற்றத்தில் பெற்றோலைக் கூடுதலாக விட்டுவிட்டு, உதை உதை என்று உதைத்தார். உதைக்க உதைக்க எஞ்சின் இன்னும் நனைந்ததே தவிர ஸ்டார்ட் ஆகவில்லை. கடைசியில் பிளக்கைக் கழற்றித் துடைத்து உலர்த்திப் போட்ட பிறகுதான் வண்டி கிளம்பியது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம், அம்மா பிழைத்தார். மறுநாள் அப்பா பிளக் கழற்றும் சாவியை என் கையில் தந்து, "நீயும் பழகிக்கொள்" என்றார்.

அதனால்தான் அன்று அந்தப் பையனிடம் போய், "மல்லி, போதும். இனிச் சாவியைத் திருப்ப வேண்டாம்" என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் என்னையும் என் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். அதற்குள் அவனுடைய கொழும்பு மெக்கானிக் தொலைபேசியில் கிடைத்தார். நான் சொன்னதையே அவரும் சொன்னார்.

அது சுழல் எஞ்சின். அதில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் இல்லை. முக்கோண வடிவான ரோட்டர் ஒன்று கூட்டுக்குள் சுழல்கிறது. அதன் மூன்று முனைகளிலும் உள்ள சீல்கள் கூட்டின் சுவரோடு ஒட்டி உரசினால்தான் அமுக்கம் கிடைக்கும். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் கூடுதலாகப் போகும். ஸ்டார்ட் செய்து, வண்டியைச் சற்று நகர்த்தி, சூடாகுமுன் நிறுத்திவிட்டால் எரியாத பெற்றோல் உள்ளே தங்கி, சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிவிடும். பிளக்கும் நனையும், அமுக்கமும் போகும். முந்திய மாலை இடம் கொடுப்பதற்காகக் காரை நாலு முழம் நகர்த்தி நிறுத்தியதாகப் பையன் ஒத்துக்கொண்டான்.

மெக்கானிக் தொலைபேசியில் சொல்லச் சொல்லச் செய்தோம். முதலில் பெற்றோல் பம்பின் பியூசைக் கழற்றினோம். பிளக்குகளுக்கு மின்சாரம் போகாமல் கொயிலின் இணைப்பையும் எடுத்தோம். ரோட்டர் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் மேலொன்று கீழொன்றாக மொத்தம் நான்கு பிளக்குகள். வயர் மாறிவிடாதபடி அடையாளம் கட்டிக் கழற்றினேன். நான்கும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. சிகரெட்டோடு நின்றவர்களைத் தூரப் போகச் சொல்லிவிட்டு, இடைவெளி விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டோம். பிளக் துளைகளால் பெற்றோல் புகையாகச் சீறி வெளியேறியது.

மெக்கானிக் அடுத்து, "துளைகளால் கொஞ்சம் எஞ்சின் ஒயில் விடுங்கள்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மண்ணெண்ணெய் ஒயிலைக் கழுவி, அமுக்கம் போய்விட்ட தண்ணீர் மெஷினுக்கு அப்பா செய்த வேலை அதுதானே! ஒரு ரோட்டருக்கு ஒரு தேக்கரண்டி அளவில் விட்டு, மறுபடி சுற்றவிட்டோம். பிளக்குகளைத் துடைத்து உலர்த்திப் பூட்டி, எடுத்தவற்றை எல்லாம் திரும்பப் போட்டோம். சோர்ந்திருந்த பற்றரிக்கு ஒரு வேனிலிருந்து வயர் கொடுத்தோம். மூன்றாம் தடவையில் எஞ்சின் இருமியது, பிறகு பிடித்தது. வெள்ளைப் புகை வீதியை மூடியது. "நன்றாகச் சூடாகும்வரை நிறுத்தாதே, கொழும்புக்குப் போனதும் ஒயிலை மாற்று" என்றேன்.

"அக்கே, இதெல்லாம் எங்கே படித்தீர்கள்?" என்று அவன் கேட்டான்.

2010இல் செட்டிகுளம் முகாமிலிருந்து மாமாவின் லயத்துக்கு வந்த நாள் முதல், யார் கேட்டாலும் "மாமாவிடம் பழகினேன்" என்றே சொல்லி வந்தேன். கிளிநொச்சி என்று சொன்னால் கேட்பவரின் முகம் மாறும். அதற்குப் பிறகு வரும் கேள்விகளுக்குப் பயம். அன்று கையெல்லாம் கரி. பொய் சொல்ல அலுப்பாக இருந்தது. "கிளிநொச்சியில்" என்றேன்.

அவன் முகம் மாறத்தான் செய்தது. சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கடைக்காரரிடம் இரண்டு தேநீர் சொன்னான். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

பிறகு இந்த எஞ்சினைப் பற்றித் தேடிப் படித்தேன். ஜெர்மனியரான பீலிக்ஸ் வாங்கலின் வடிவமைப்பு. முதல் மாதிரி 1957இல் ஓடியது. கித்துல்கலையில் படம்பிடித்த 'குவாய் நதிப் பாலம்' வெளியானதும் அதே ஆண்டில்தான். ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1967இல் இதைத் தன் காரில் பூட்டி விற்கத் தொடங்கியது.

சகோதரிகளே, உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளோ தண்ணீர் மெஷினோ இப்படி நனைந்துபோனால் உதைத்துக்கொண்டே இருக்காதீர்கள். பெற்றோலை மூடுங்கள். பிளக்கைக் கழற்றித் துடைத்து உலர்த்துங்கள். பிளக் இல்லாமல் நாலைந்து தடவை உதைத்து உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். அப்போது அருகில் நெருப்பு இருக்கக்கூடாது. பிறகு பூட்டிப் பாருங்கள். பெண் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். தடைக்காலத்தில் வேறு வழியில்லாமல் கற்றதுதான், ஆனாலும் அது நம் கைத்தொழில். எங்கே கற்றோம் என்பதை இனி நான் மறைப்பதில்லை.