எயார் ஸ்ப்ளின்ட் அனுப்பப் போகிற தம்பிமாருக்கு



இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்குகிறது. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் சிலர் பாடசாலை முதலுதவிப் பெட்டிக்கு ஊதிப் போடும் எயார் ஸ்ப்ளின்ட் ஒரு செட் அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். "டீச்சர், அது பிரயோசனமா?" பிரயோசனம்தான். ஆனால் சாமான் மட்டும் வந்தால் போதாது. மற்றப் பாடசாலைகளுக்கும் உதவலாம் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: அது இரட்டைச் சுவருள்ள பிளாஸ்டிக் உறை. முறிந்த கையையோ காலையோ உள்ளே வைத்து, சிப்பைப் பூட்டி, குழாயால் ஊதினால் சுற்றிவர இறுகி எலும்பை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். மடித்தால் அப்பியாசக் கொப்பி அளவுதான். கண்ணாடி போன்ற வகை என்றால் இரத்தம் கசிவது வெளியிலேயே தெரியும். எக்ஸ்ரேயும் உறையோடு எடுக்கலாம்.

வாயால் மட்டுமே ஊத வேண்டும். எங்கள் பையன்களின் கைக்கு முதலில் அகப்படுவது சைக்கிள் பம்ப், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். பெருவிரலால் அமத்தினால் உறை கொஞ்சம் பதிய வேண்டும். டயர் மாதிரிக் கல்லாக இருந்தால் இரத்த ஓட்டம் தடைப்படும். ஊதுவதற்கு முன்னும் பின்னும், பிறகு அடிக்கடியும் விரல்களைப் பாருங்கள்: நிறம், சூடு, உணர்ச்சி, அசைவு. சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றாமல் கால்விரலைப் பார்க்க முடியாது. விரல் வெளுத்தாலோ விறைத்தாலோ காற்றைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள்.

விஞ்ஞான டீச்சர் என்பதால் இதையும் சொல்லாமல் விட மனமில்லை. மூடிய இடத்தில் வளி சூடேறினால் அமுக்கம் கூடும் என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறோமே, அதேதான். 30 பாகையில் ஊதியது மைதான வெயிலில் 40 பாகையானால், கனவளவு மாறாது என்று வைத்துக்கொண்டால், அமுக்கம் ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் இரசம் கூடும். வளிமண்டலத்தின் 760க்குப் பக்கத்தில் அது சின்னக் கணக்கு. பிள்ளையின் காலில் ஓடும் மெல்லிய இரத்தக் குழாய்களுக்குச் சின்னதல்ல. ஆகவே நிழல் முக்கியம். சுற்றுலா போன இடத்தில் நடப்பது எதிர்மாறு. நுவரெலியாவில் ஊதிப் போட்டுக் கண்டிக்கு இறங்கினால் வெளியமுக்கம் கூடி உறை தளர்ந்துவிடும். வழியில் தொட்டுப் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

எல்லா முறிவுக்கும் இது சரிவராது. முன்கைக்கும் முழங்காலுக்குக் கீழேயும் நல்லது. தொடைக்கும் மேற்கைக்கும் பிடிப்புப் போதாது. கால் கோணலாக வளைந்திருந்தால் ஊத ஊத உறை அதைப் பலவந்தமாக நிமிர்த்தும், அப்போது போடவே வேண்டாம். எலும்பு வெளியே தெரிந்தாலும் அப்படித்தான். இருந்தபடியே தாங்கிப் பிடித்துக்கொண்டு 1990க்கு அழையுங்கள்.

பெண் பிள்ளைகளின் விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. மைதானத்தில் சேர்மார் மட்டும் நின்ற ஒரு நாள், விழுந்த பிள்ளை காலைக் காட்ட வெட்கப்பட்டு, "ஒண்டுமில்ல சேர்" என்று நொண்டி நொண்டி வீட்டுக்குப் போய்விட்டது. அடுத்த கிழமை மாவுக்கட்டோடுதான் பார்த்தோம். இரத்தக் காயம் இல்லையென்றால் உடுப்பைக் கழற்றத் தேவையில்லை, காற்சட்டைத் துணியைச் சுருக்கமில்லாமல் நீவிவிட்டு மேலேயே போடலாம். வியர்வையில் பிளாஸ்டிக் தோலில் ஒட்டுவதற்கும் அந்தத் துணி நல்லது. ஆனால் அதைச் செய்ய ஒரு பெண் கை வேண்டும். கலாசாலையில் எங்களுக்கு முதலுதவி என்று கிடைத்தது ஒரேயொரு பின்னேரம், முக்கோணத் துணியோடு முடிந்துவிட்டது.

ஆகவே தம்பிமாரே, பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பொருந்தும் அளவுகளில் அனுப்புங்கள். பழகிப் பார்க்க ஒன்று மேலதிகமாக இருக்கட்டும். இரண்டு ஆசிரியைகளையாவது பயிற்சிக்கு அனுப்பும்படி அதிபரிடம் நீங்களும் சொல்லுங்கள், நாங்கள் சொல்வதைவிட உங்கள் சொல்லுக்கு மதிப்புக் கூட. அலுமாரியில் பூட்டி வைக்கும் சாமானாகிவிடக் கூடாது. அது வரும்வரை நான் மைதானத்துக்குக் காட்போட் மட்டையும் நாலு முக்கோணத் துணியும் கொண்டு போகிறேன். அதுவும் எலும்பைப் பிடித்து வைக்கும்.