கண்ணாடியில் படிந்த கல்

ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப்பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு காற்று. ஜூலை முதல் செப்டெம்பர் வரை, தென்மேற்குப் பருவமழையை மலைகளின் மறுபுறத்திலேயே கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய காற்றாக அது பதுளைச் சரிவுகளில் இறங்குகிறது. கொழுந்துக்கு மணமூட்டும் அதே காற்று, கழுவிய வாகனத்தில் நிற்கும் நீர்த்துளிகளைத் துடைப்பதற்குள் உலர்த்தியும் விடுகிறது. துளி போய்விடும், அது விட்டுச்சென்ற வெள்ளை வளையம் போகாது.

பசறை வீதியில் முச்சக்கரவண்டி ஓட்டும் ஓர் இளைஞரோடு அண்மையில் பேசிக்கொண்டிருந்தேன். தோட்டத்து லயத்தில் பிறந்தவர்; மாதந்தோறும் லீசிங் தவணை கட்டுகிறவர். "ராத்திரியில எதிர லைட்டு அடிச்சா ரோட்டே தெரியல, சேர்" என்றார். முன்கண்ணாடி முழுவதும் நீர்ப்புள்ளிகள். பக்கத் தகட்டிலும் அவ்வாறே. தேய்த்துப் பார்த்துச் சலித்து, புதிதாகப் பெயின்ட் அடிக்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்.

இதை அழகுப் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இருக்கும் வண்டியைப் பேணிக்கொள்வதே அக்காலத்தில் நம் நாட்டவர் கற்ற பாடம். மேலும், தோட்டத்துக் கர்ப்பிணியை இரவில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லும் சாரதிக்கு, மூடுபனி வளைவில் கண்ணாடி தெளிவாக இருந்தே ஆகவேண்டும்.

பதுளை, வெலிமடைப் பகுதிகளின் பாறைகளுக்கிடையே சுண்ணக்கல் படுகைகள் உண்டு. அவற்றினூடாக வரும் நீரில் கல்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். நீர் ஆவியாகும்போது எஞ்சுவது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைக் கல்லும் இதுவே. ஆகவே இது அழுக்கு அன்று, கல். சவர்க்காரத்துக்கு அது கரையாது. உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் பெயின்ட்தான் கீறுபடும்.

கல்லைக் கரைப்பது அமிலம். வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலம் அதற்குப் போதும். முதலில் தூசியும் மணலும் போக வண்டியை நன்றாகக் கழுவவேண்டும். பின்னர் நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது, நிறமற்ற வினாகிரியையும் நீரையும் சம அளவில் கலந்து, அதில் நனைத்த மென்துணியைப் புள்ளிகளின் மீது ஒட்டி வைக்கவேண்டும். கண்ணாடிக்குச் சில நிமிடங்கள். பெயின்டுக்கு ஒரு நிமிடமே போதும், அதையும் முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பார்ப்பது நல்லது. மெல்லத் துடைத்து, நிறைய நீரூற்றிக் கழுவி, உடனே ஈரத்தை ஒற்றி எடுக்கவேண்டும். ஒருமுறையில் போகாவிட்டால் மறுமுறை செய்யலாமேயன்றி அழுத்தித் தேய்க்கக்கூடாது. சிலர் பட்டரி அமிலத்தையும் கழிவறை கழுவும் திரவத்தையும் பரிந்துரைப்பார்கள். அவை பெயின்டையும் உலோகத்தையும் அரிக்கும். கையையும் கண்ணையும் சுடும்.

வினாகிரிக்கும் அசையாத புள்ளிகள் உண்டு. சில, அமிலத்தில் கரையாத சிலிக்காப் படிவுகள். கண்ணாடியில் அவற்றைப் போக்கச் சீரியம் ஒட்சைட்டுப் பொலிஷ் வேண்டும். வேறு சில, நாட்பட்டுப் பெயின்டின் மேற்பூச்சையே அரித்த குழிகள். அவற்றைக் கழுவ முடியாது. கைதேர்ந்தவர் பொலிஷ் செய்து மட்டப்படுத்தவேண்டும்.

அந்த இளைஞரின் கண்ணாடி இரண்டாம் முறையில் தெளிந்தது. தகட்டில் சில வளையங்கள் எஞ்சின. அவற்றோடே வண்டி ஓடுகிறது. பெயின்டுக்குச் சேர்த்த பணம் அம்மாதத் தவணைக்குப் போயிற்று.

வராமல் தடுப்பது இன்னும் எளிது. காற்று எழுமுன், வெயில் ஏறுமுன் விடியற்காலையில் கழுவவேண்டும். ஒரு துளியையும் தானாக உலர விடக்கூடாது. மழைநீரில் இந்தக் கல் இல்லை. வடகீழ்ப் பருவமழை தொடங்கும்போது கூரைத் தாழ்வாரத்தில் ஒரு பீப்பாயை வைத்தால், இறுதியாக அலசுவதற்கு வேண்டிய நீரை வானமே தந்துவிடும்.